பழைய கேடியை எந்த வழியில் உள்ளே அனுப்புவது? 1910-இல் ஓர் இங்கிலீஷ் போலீஸ் அதிகாரியின் கணக்கு

கடை வாசலில் கொக்கியில் தொங்கிய ஒரு ஜோடி பூட்ஸ். விலை 8 ஷில்லிங். அதைக் கழற்றிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு நடந்த ஆள் தெருமுனை திரும்புவதற்குள் பிடிபட்டுவிட்டான். வருடம் 1910, பர்மிங்காம் மாதிரி ஒரு தொழில் நகரம். ஆளுக்கு 45 வயது. ஸ்டேஷனில் ஒரு பெயர் சொல்கிறான், அது சொந்தப் பெயர்தானா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் வயதான ஒரு கான்ஸ்டபிள் மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இந்த மூஞ்சியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே!

இந்த ஆள் என் கற்பனை. அவனுக்கு முன்னால் திறந்திருக்கும் கதவுகள் கற்பனை இல்லை. அந்த நாள் இங்கிலாந்துச் சட்டத்தில், பழைய தண்டனைகள் உள்ள ஒருவனை என்ன செய்யலாம் என்பதற்கு நான்கு வழிகளாவது இருந்தன. ஒரு வழியில் போனால் மூன்று மாதம். இன்னொரு வழியில் போனால் அதே பூட்ஸுக்கு எட்டு வருடத்துக்குக் குறையாது. எந்த வழி என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது நீதிபதி இல்லை, வழக்கைக் கொண்டுவருபவர். அங்கே அன்றாட வழக்குகளுக்கென்று தனி அரசு வக்கீல் கிடையாது. போலீஸே மாஜிஸ்திரேட் முன் எழுந்து நின்று வழக்கை நடத்தும். மேல் கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் வைக்கும். ஆகவே அந்த நகரத்தின் போலீஸ் சூப்பரிண்டெண்டெண்ட் நாற்காலியில் நம்மை உட்காரவைத்துப் பார்ப்போம்.

ஒரு சின்ன இடைச்செருகல். நம் ஊரில் 'கேடி' என்கிறோமே, அதுவே போலீஸ் பதிவேட்டில் 'நோன் டெப்ரடேட்டர்' என்று எழுதியதன் இரண்டு முதலெழுத்து என்று சொல்வார்கள். தெரிந்த திருடன் என்று பொருள். யாருக்குத் தெரிந்த திருடன், எப்போது தெரிந்தது, தெரிந்ததை யாரிடம் எந்த நேரத்தில் சொல்வது? கீழே வரும் நான்கு வழிகளும் இந்தக் கேள்விக்கு நான்கு விதமான பதில்கள்தான். கடுமை, கருணை என்று பிரித்துப் பார்த்தால் இது புரியாது.

முதல் வழி, மாஜிஸ்திரேட்டிடமே முடித்துவிடுவது. 1879-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 40 ஷில்லிங்குக்கு மேற்படாத திருட்டை, குற்றம் சாட்டப்பட்டவன் சம்மதித்தால், ஜூரி இல்லாமல் அங்கேயே விசாரிக்கலாம். அதிகபட்சம் மூன்று மாதம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆறு மாதம் வரை போகலாம். காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். கடைக்காரர் ஒரு நாள் வியாபாரத்தைத்தான் இழப்பார். வக்கீல் செலவு இல்லை. பழைய தண்டனை பற்றிப் பேச்சே எழாமலும் போகலாம்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. முன்பு ஜூரி கோர்ட்டில் தண்டனை வாங்கியவன், அதனாலேயே பெரிய தண்டனைக்கு உரியவன் என்று தெரியவந்தால், மாஜிஸ்திரேட் வழக்கைத் தானே முடிக்கக் கூடாது, மேலே அனுப்ப வேண்டும் என்பது அதே சட்டம். அதாவது நமக்குத் தெரியாதவரைக்கும்தான் இந்த வழி. கைதிக்கும் இது தெரியும். அதனால்தான் பொய்ப் பெயர், வெளியூர் விலாசம், 'இதுதான் ஐயா முதல் தடவை' என்ற அழுகை. ஒப்புக்கொண்டு சீக்கிரம் மூன்று மாதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டால் அவனுக்கு லாபம்.

அந்த லாபத்தில் கை வைத்தது கைரேகை. லண்டனில் ஸ்காட்லாந்து யார்டு 1901-இல் கைரேகைப் பிரிவைத் திறந்தது. அதை நடத்திய எட்வர்ட் ஹென்றி அதற்குமுன் வங்காளத்தில் போலீஸ் தலைவராக இருந்தவர். ரேகைகளை வகைபிரித்து அடுக்கும் முறை கல்கத்தாவில் அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அலுவலர்களின் உழைப்பில் உருவானது. பெயர் மட்டும் ஹென்றி முறை என்று நின்றுவிட்டது. கொலைகாரனைப் பிடிக்கத்தான் கைரேகை வந்தது என்று நாம் நினைக்கிறோம். ஆரம்பத்தில் அதன் அன்றாட வேலை, 'இவன் ஏற்கெனவே உள்ளே போனவனா' என்று கண்டுபிடிப்பதுதான். 1902-இல் எப்சம் டெர்பி குதிரைப் பந்தயத்தில் பிடிபட்ட 54 பேரின் ரேகையை எடுத்து இரவோடு இரவாக ஒப்பிட்டதில் 29 பேர் பழைய ஆட்கள் என்று தெரிந்தது. மறுநாள் மாஜிஸ்திரேட் முன் அந்த 29 பேரின் கதையும் மாறிவிட்டது.

நம் சூப்பரிண்டெண்டெண்ட் செய்ய வேண்டிய முதல் காரியமும் அதுதான். பத்து விரலையும் மையில் உருட்டித் தாளில் பதித்து லண்டனுக்கு அனுப்பிவிட்டு, ரிமாண்ட் கேட்பது. ஒரு தடவைக்கு எட்டு நாள் கிடைக்கும். பதில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேறு பெயரில் ஐந்து தண்டனைகள். எல்லாம் திருட்டு. கடைசியாக வெளியே வந்து ஏழு மாதம் ஆகிறது.

இரண்டாவது வழி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜூரியோடு கூடும் காலாண்டு செஷன்ஸ் கோர்ட். சாதாரணத் திருட்டுக்கு அங்கே அதிகபட்சம் ஐந்து ஆண்டு. முன்பு பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் என்று குற்றப்பத்திரிகையிலேயே சேர்த்து நிரூபித்தால் பத்து ஆண்டு வரை. இங்கே நடைமுறை நுணுக்கமானது, எனக்குப் பிடித்ததும்கூட. ஜூரிக்கு முதலில் பூட்ஸ் கதை மட்டும்தான் சொல்லப்படும். எடுத்தானா, இல்லையா? அவர்கள் 'குற்றவாளி' என்று சொன்ன பிறகுதான் எழுத்தர் தாளின் மறுபாதியைப் படிப்பார். இன்ன தேதியில், இன்ன கோர்ட்டில், இன்ன பெயரில். அதைக் கைதி மறுத்தால் பழைய கோர்ட்டின் சான்றிதழ் வேண்டும், கூடவே 'அந்த ஆள்தான் இந்த ஆள்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். பழைய சிறையிலிருந்து ஒரு வார்டர் ரயிலேறி வந்து, கூண்டில் நிற்பவனை மேலும் கீழும் பார்த்து, 'ஆமாம், என் பிளாக்கில்தான் இருந்தான்' என்பார். அவருடைய ரயில் டிக்கெட்டும் வழக்குச் செலவில் ஏறும்.

அப்புறம் நீதிபதி தீர்மானிப்பார். மூன்று வருடத்துக்குக் குறையாத 'பீனல் செர்விட்யூட்' எனப்படும் கடுந்தண்டனையா, இல்லை சாதாரணச் சிறையில் சில மாதங்களா என்பது அவர் கையில். அதோடு 1871 சட்டப்படி, விடுதலைக்குப் பின் ஏழு ஆண்டுவரை போலீஸ் கண்காணிப்பையும் சேர்க்கலாம். மாதம் ஒருமுறை ஸ்டேஷனுக்கு வந்து தலையைக் காட்ட வேண்டும், விலாசம் மாறினால் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வழிதான் அந்த நேரத்தில் புதுசு. உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த 1908-ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம். 1909 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. 16 வயதுக்குப் பிறகு மூன்று முறையாவது தண்டனை பெற்றவன், விடாமல் திருட்டுப் பிழைப்பே நடத்துகிறான் என்று ஜூரி சொல்லிவிட்டால், அவன் 'வாடிக்கைக் குற்றவாளி'. அவனுக்கு முதலில் பீனல் செர்விட்யூட், அது முடிந்த கையோடு ஐந்திலிருந்து பத்து ஆண்டு தடுப்புக் காவல். கணக்குப் போட்டால், குறைந்தபட்சம் மூன்றும் ஐந்தும் எட்டு. பூட்ஸின் விலை ஒரு ஷில்லிங்குக்கு ஒரு வருடம்.

தடுப்புக் காவல் என்றதும் நம் ஊர்க் குண்டர் சட்டம் நினைவுக்கு வரும். அது வேறு. இங்கிலாந்தில் விசாரணை இல்லாமல் இது நடக்காது, பூட்டுகளும் நிறையவே வைத்திருந்தார்கள். அரசுத் தரப்பு வழக்குகளை மேற்பார்க்கும் இயக்குநர் (டைரக்டர் ஆஃப் பப்ளிக் பிராசிக்யூஷன்ஸ்) சம்மதிக்க வேண்டும். கைதிக்கு ஏழு நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். பழைய தண்டனைகளையும், அவன் இன்னும் திருட்டுப் பிழைப்பில் இருக்கிறான் என்பதற்கான மற்ற காரணங்களையும் அதில் எழுத வேண்டும். இங்கேயும் ஜூரி முதலில் பூட்ஸைப் பற்றித்தான் முடிவு சொல்லும். அதற்குப் பிறகே வாழ்க்கையைப் பற்றிய விசாரணை.

இந்தப் பூட்டுகளில் பலமானது இன்னொன்று, 1908-இல்தான் உட்காரத் தொடங்கியிருந்த குற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம். பழைய தண்டனைப் பட்டியலை மட்டும் காட்டி 'வாடிக்கை' என்று சொல்லிவிட முடியாது, கடைசியாக வெளியே வந்தபின் என்ன செய்தான் என்பதும் வேண்டும் என்று அந்த நீதிமன்றம் கேட்டது. நம் ஆளின் அந்த ஏழு மாதத்தில் மூன்று மாதம் எங்கேயாவது மூட்டை தூக்கினான் என்று ஒரு மேஸ்திரி வந்து சாட்சி சொல்லிவிட்டால் போலீஸ் தரப்பு ஆட்டம் காணும். அதனால் இந்த வழியில் போகிறவர் ஆள் அனுப்பி அந்த ஏழு மாதத்தையும் தேட வேண்டும். எந்த லாட்ஜில் படுத்தான், யாரோடு சுற்றினான், எங்கே வேலை கேட்டான்? எட்டு ஷில்லிங் வழக்குக்கு இவ்வளவு அலைச்சல். (மேல்முறையீடு கைதிக்கும் முழுக்கப் பாதுகாப்பு இல்லை. தண்டனை அதிகம் என்று முறையிட்டுப் போனவனுக்கு அதைக் கூட்டிவிடவும் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது.)

இவ்வளவு பூட்டு இருந்தும் வலையில் யார் விழுந்தார்கள்? டேவிட் டேவிஸ் என்ற கிழவர். தேவாலய உண்டியலிலிருந்து 2 ஷில்லிங் எடுத்ததற்கு மூன்று வருடம் பீனல் செர்விட்யூட், அதன்மேல் பத்து வருடம் தடுப்புக் காவல். ஆக 13 வருடம். டார்ட்மூர் சிறையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரை 1910-இல் நிதி அமைச்சர் லாயிட் ஜார்ஜும், அப்போது உள்துறை அமைச்சராகியிருந்த சர்ச்சிலும் நேரில் போய்ப் பார்த்தார்கள். அந்த வருடத் தேர்தல் மேடைகளில் 'டார்ட்மூர் இடையர்' பிரபலமாகிவிட்டார். 2 ஷில்லிங் எடுத்த ஏழைக்கு 13 வருடம், நாட்டையே எடுத்துக்கொண்ட பிரபுக்களுக்கு என்ன என்கிற பாணியில் லாயிட் ஜார்ஜ் பிடித்துக்கொண்டார். சர்ச்சில் அவரை விடுதலை செய்து ஒரு பண்ணையில் வேலைக்கும் ஏற்பாடு செய்தார். இடையர் சில நாட்களிலேயே பண்ணையை விட்டுக் காணாமல் போனார். சில மாதங்களில் மறுபடி திருட்டு வழக்கில் பிடிபட்டார். எதிர்க்கட்சிப் பத்திரிகைகளுக்குத் தீபாவளிதான்.

இந்தக் கதையை இரண்டு பக்கத்தாரும் தங்களுக்குச் சாதகமாகச் சொன்னார்கள். எனக்குப் படுவது இதுதான்: டேவிஸ் திருந்தாதவர் என்பது உண்மை, ஊருக்கு ஆபத்தானவர் இல்லை என்பதும் உண்மை. சட்டம் முதல் கேள்வியை ஜூரியிடம் கேட்டது, இரண்டாவதை நீதிபதியிடம் விட்டது. நீதிபதிகள் பலர் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டார்கள். கைதேர்ந்த வீடு உடைப்பவன் நாலு தடவை மாட்டமாட்டான். நாலு தடவை மாட்டுகிறவன் பூட்ஸும் உண்டியலும் திருடுகிறவன். எண்ணிக்கையை வைத்து வலை பின்னினால் சின்ன மீன்தான் சிக்கும்.

சர்ச்சிலுக்கும் அது புரிந்தது. 1911-இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஆளுக்கு 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும், ஏற்கெனவே ஒருமுறை பீனல் செர்விட்யூட் அனுபவித்திருக்க வேண்டும், இப்போதைய குற்றமும் கனமானதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வழி வேண்டாம். அதற்குப் பிறகு இத்தகைய தண்டனைகள் சரிந்தன. வைட் தீவில் இந்தக் கைதிகளுக்கென்றே கட்டிய கேம்ப் ஹில் சிறை 1912-இல் திறந்தபோது, அதன் ஆதரவாளர்கள் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை.

நான்காவது வழியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது நம் ஆளுக்குத் தேவையில்லை. இரண்டு முறை தண்டனை பெற்றவன், கடைசித் தண்டனை முடிந்த ஏழு வருடத்துக்குள், திருடப்போகிறான் என்று சந்தேகப்படும் நிலையில் நின்றாலே போதும். 1871 சட்டப்படி மாஜிஸ்திரேட் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். 1824-ஆம் ஆண்டு நாடோடிச் சட்டம் இன்னும் பழைய தடி. பூட்ஸைத் தொடக்கூட வேண்டாம், கடை வாசலில் சுற்றினாலே பிடிக்கலாம். மற்ற வழிகளில் பழைய தண்டனை கடைசியில் வெளிவருகிறது. இதிலோ அதுதான் வழக்கே. போலீஸுக்கு மிகச் சுலபம், அதனாலேயே எனக்கு மிகக் குறைந்த நம்பிக்கை உள்ள வழி.

இந்தச் சுலபத்தைக் கடைசிவரை இழுத்தால் எங்கே போகும் என்பதை அதே காலத்தில் அதே ஆட்சி நம் பக்கம் காட்டியது. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குத் தண்டனைகூட வேண்டாம், ஒரு சாதியில் பிறந்திருந்தால் போதும். ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது 1920 ஏப்ரல் 3. இங்கிலாந்துக் கைதிக்கு மூன்று தண்டனை, ஏழு நாள் நோட்டீஸ், ஜூரி. மதுரைப் பக்கத்துக் குடியானவனுக்கு ஒன்றும் இல்லை.

சரி, முடிவுக்கு முன் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். இது இல்லாமல் இரண்டாவது வழியையும் மூன்றாவது வழியையும் ஒப்பிட முடியாது.

1877-இல் ஜான் ஸ்மித் என்ற பெயரில் ஒருவன் லண்டனில் பெண்களை ஏமாற்றி நகை பறித்ததற்காக ஐந்து வருடத் தண்டனை பெற்றான். 1895 கடைசியில் அதே பாணி மோசடி மறுபடி கிளம்பியது. ஏமாந்த ஒரு பெண் தெருவில் அடால்ஃப் பெக் என்ற நார்வேக்காரரைப் பிடித்து 'இவன்தான்' என்றார். ஸ்மித் வழக்கில் இருந்த முன்னாள் கான்ஸ்டபிள் ஒருவர், மாஜிஸ்திரேட் கோர்ட்டில், பெக்தான் 1877-இன் ஸ்மித் என்று சத்தியம் செய்தார். பெக் 1877-இல் தென் அமெரிக்காவில் இருந்தவர், அதற்குச் சாட்சியும் உண்டு. அதாவது, அரசுத் தரப்பு 'இவன் பழைய ஸ்மித்' என்று குற்றப்பத்திரிகையில் வைத்து வழக்கு நடத்தியிருந்தால், அந்த இடத்திலேயே பெக் வெளியே வந்திருப்பார்.

1896-இல் லண்டனின் ஓல்டு பெய்லி கோர்ட்டில் அரசுத் தரப்பு வக்கீல் ஹோரஸ் ஏவரி என்ன செய்தார்? முன் தண்டனை சேர்ந்த குற்றச்சாட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு, புது மோசடிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். முன் தண்டனை பேச்சிலேயே இல்லை என்பதால், 1877-இல் நான் பெருவில் இருந்தேன் என்று சொல்லவும் பெக்குக்கு இடம் கிடைக்கவில்லை. ஏழு வருடம். சிறைக்குள் போனதும் கோர்ட்டில் நிரூபிக்காத அந்தப் பழைய தண்டனை உயிர்பெற்றது. ஸ்மித்தின் பழைய எண்ணையே அவருக்குக் கொடுத்து, திரும்பி வந்த கைதி என்று காட்டும் எழுத்தையும் சட்டையில் சேர்த்தார்கள். 1898-இல் ஸ்மித்தின் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது ஸ்மித் சுன்னத் செய்தவன், பெக் செய்யாதவர் என்று தெரிந்தது. அதற்குச் செய்த பரிகாரம் எண்ணை மாற்றியது மட்டும். 1904-இல் வெளியே இருந்த பெக்கை மறுபடி பிடித்து மறுபடி குற்றவாளி என்றார்கள். நீதிபதிக்கு ஏதோ உறுத்தி, தண்டனையைத் தள்ளிப்போட்டார். அந்த இடைவெளியில் உண்மையான ஸ்மித் வேறொரு மோசடியில் கையும் களவுமாக மாட்டினான். பெக்குக்கு மன்னிப்பும் 5,000 பவுண்டு இழப்பீடும் கிடைத்தன. குற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறந்ததற்கு இந்த அவமானம் பெரிய காரணம்.

பழைய தண்டனையை மறைப்பது கைதிக்கு நல்லது என்றுதான் நாம் பொதுவாக நினைப்போம். ஜூரி தீர்ப்புச் சொல்லும்வரை மறைப்பது நல்லதுதான். ஆனால் கடைசிவரை மறைத்துவிட்டு, சிறைக்குள்ளே மட்டும் அதை நம்புவது ஆபத்து. சொல்வதானால் வெளிப்படையாகக் குற்றப்பத்திரிகையில் சொல்ல வேண்டும், மறுக்க இடம் தர வேண்டும், நிரூபிக்க வேண்டும்.

ஆகவே நான் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்தால் இரண்டாவது வழி. முன் தண்டனைகளைக் குற்றப்பத்திரிகையில் எழுதி, ரேகைத் தாளும் வார்டரும் தயாராக வைத்து, காலாண்டு செஷன்ஸுக்கு அனுப்புவேன். நீதிபதியிடம் அதிகபட்சத்தைக் கேட்கமாட்டேன். பூட்ஸுக்கு ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ, அதன்மேல் கண்காணிப்பு. அந்த ஏழு மாதத்தில் அவன் மூட்டை தூக்கியிருந்தால் அதையும் நானே சொல்லிவிடுவேன், எதிர்த்தரப்பு வக்கீல் கண்டுபிடித்து என்னை அசடாக்குவதற்குள். இயக்குநரின் சம்மதம் கேட்கும் கடிதத்தை, வீட்டுப் பூட்டைத் திறக்கும் கருவிகளோடும், திருட்டு நகை வாங்குகிற ஆளின் விலாசத்தோடும் பிடிபடுகிறவனுக்காக மேசை இழுப்பறையில் வைத்திருப்பேன். இதே ஆள் 20 வயதுப் பையனாக இருந்தால் பேச்சே வேறு. 1908 சட்டத்தின் முதல் பகுதி சொல்லும் போர்ஸ்டல் பள்ளியில் ஒன்றிலிருந்து மூன்று வருடம், அந்தச் சட்டத்தில் எனக்கு உறுத்தாத பகுதி அதுதான்.

எட்டு நாள் ரிமாண்ட் முடிந்தும் லண்டனிலிருந்து ரேகைக்குப் பதில் வரவில்லை என்றால்? முதல் வழியில் மூன்று மாதத்தை வாங்கிக்கொடுத்து வழக்கை முடித்துவிடலாம் என்று கை அரிக்கும். அந்த வயதான கான்ஸ்டபிளும் 'எனக்கு இவனை நன்றாகத் தெரியும் சார்' என்பார். பெக்கைப் பார்த்து இன்னொரு கான்ஸ்டபிள் சொன்னதும் அதைத்தான். இன்னொரு எட்டு நாள் ரிமாண்ட் கேட்பேன்.